டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கும் சாதி

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறதோ இல்லையோ, பெண்கள் பத்திரிகைகளின் சமையல் இணைப்புகளும் யூடியூப் சமையல் சேனல்களும் கடை விரித்துவிடும். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும் லஞ்ச் பாக்ஸ் முப்பது, டப்பா காலியாகத் திரும்ப இருபத்தைந்து வழி என்று தலைப்புகள் பறக்கும். புரட்டிப் பாருங்கள். பனீர் புலாவ், பேபிகார்ன் மசாலா, பீட்ரூட் சப்பாத்தி, கேரட் சாதம், புதினா சாதம், மறுபடியும் பனீர். அரிதாக ஒரு முட்டை தோசை தலைகாட்டும். கோழி என்றால் 'அசைவ ஸ்பெஷல்' என்று தனி இதழ், தனிப் பந்தி. கருவாடு, ஈரல், மாட்டுக்கறி எல்லாம் தேடவே வேண்டாம்.

இது எந்த நாட்டுக் குழந்தைகளுக்கான பட்டியல்? இந்தியப் பதிவாளர் நாயகம் அலுவலகம் 2014இல் நடத்திய மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 விழுக்காட்டினர் இறைச்சியோ மீனோ முட்டையோ உண்பவர்கள். மிச்சமிருக்கும் 2.35 விழுக்காட்டினரின் அடுப்படியில் வேகிற உணவுதான் 'ஆரோக்கியமான லஞ்ச் பாக்ஸ்' என்கிற பெயரில் நம் எல்லோருடைய பிள்ளைகளின் பைக்குள்ளும் போகிறது. மொழியையே பாருங்கள். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது சாப்பாட்டின் பெயராகி, அதைச் சாப்பிடாத 97 பேரின் உணவுக்கு 'அல்லாதது' என்று பொருள்படும் 'அசைவம்' பெயராயிற்று. ஈழத்தில் மரக்கறி என்று நேராகச் சொல்கிறார்கள், அதில் சமயமும் இல்லை, மேல்கீழும் இல்லை. நாமோ பெரும்பான்மையின் உணவை எதிர்மறைச் சொல்லால் அழைக்கப் பழகிவிட்டோம்.

பத்திரிகைக்காரர்கள் எதையோ எழுதிவிட்டுப் போகட்டும் என்று விடலாம். ஆனால் அதே பட்டியல் பள்ளிக்கூடத்தின் சட்டமாக வரும்போது விட முடியாது. சென்னையிலோ கோவையிலோ தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் நண்பர்களிடம் பள்ளி டைரியை வாங்கிப் பாருங்கள். சில பள்ளிகளில் 'வெஜிடேரியன் உணவு மட்டும் கொடுத்தனுப்பவும்' என்று அச்சடித்தே இருக்கும். சில பள்ளிகளில் அச்சில் எதுவும் இருக்காது, ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியை திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் வெஜிடபிள் சாண்ட்விச் என்று நாள்கணக்கு போட்டு அனுப்பிவிடுவார். இன்னும் நாசூக்கான பள்ளிகள் 'கடும் வாசனை உள்ள உணவைத் தவிர்க்கவும்' என்று மட்டும் சொல்லும். எந்த வாசனை என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

2024 ஆகஸ்டில் நொய்டாவில் ஒரு பெரிய தனியார் பள்ளி பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கை செய்தியானது. அசைவ உணவு கொடுத்தனுப்ப வேண்டாம் என்பதற்கு அது இரண்டு காரணங்களை அடுக்கியது. காலையில் சமைத்த இறைச்சி மதியத்துக்குள் கெட்டு உடல்நலத்துக்குக் கேடாகலாம் என்பது ஒன்று. எல்லோரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிடும் இடத்தில் யாருக்கும் சங்கடம் வரக்கூடாது, அதுவே எல்லோரையும் மதிப்பது என்பது இன்னொன்று. அடுத்த மாதமே அதே உத்தரப்பிரதேசத்தில் அம்ரோஹாவில், டிபன் பாக்ஸில் பிரியாணி கொண்டுவந்ததாகச் சொல்லி ஏழு வயது முஸ்லிம் சிறுவனை ஒரு தனியார் பள்ளி வெளியேற்றியது. தலைமையாசிரியர் அந்தத் தாயிடம் பேசிய பேச்சு காணொளியாகப் பரவியது. வேறு பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க அலகாபாத் உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இரண்டும் வெவ்வேறு பள்ளிகள். ஒன்றின் குரல் மென்மை, இன்னொன்றின் குரல் வெறி. பிள்ளையின் டப்பாவைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று இரண்டுமே நினைக்கின்றன.

அந்த இரண்டு காரணங்களையும் எடுத்துக்கொள்வோம். முதலில் ஆரோக்கியம்.

காலை ஏழு மணிக்குச் சமைத்த இறைச்சி பன்னிரண்டு மணிக்குக் கெட்டுவிடும் என்கிறார்கள். தேங்காய்ச் சட்னி கெடாதா? சித்திரை வெயிலில் டப்பாவில் அடைத்த தேங்காய்ச் சட்னியும் உருளைக்கிழங்கு மசாலாவும் என்னவாகும் என்று சமையலறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஈரப்பதமில்லாமல் சுண்ட வறுத்த கறியும், உப்பேறிக் காய்ந்த கருவாடும் அவற்றைவிட அதிக நேரம் தாங்கும். உணவைக் கெடாமல் காக்க நம் மக்கள் கண்டுபிடித்த முறைகளே உப்புக்கண்டமும் கருவாடும். நன்றாக வேகவைத்து, ஆறவைத்து, சுத்தமான டப்பாவில் போடு என்பதுதான் சுகாதார அறிவுரை. அது எல்லா உணவுக்கும் பொருந்தும். இறைச்சிக்கு மட்டும் அந்த அறிவுரையைத் தனியே எடுத்துவைப்பவருக்குக் கிருமி மேல் கவலை இல்லை. அவர் சொல்ல வருவது தீட்டு. அதை வெளிப்படையாகச் சொல்ல இன்று சட்டம் இடம் கொடாததால் ஆய்வுக்கூட உடுப்பு மாட்டி அனுப்புகிறார்கள்.

சத்துக்கணக்குக்கும் வருவோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. வளர்ந்த மாநிலம் என்று நாம் பெருமை பேசும் இடத்தின் கணக்கு இது. இந்தப் பிள்ளைகள்தான் அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இறைச்சியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதுபோல் கீரையின் இரும்பை எடுத்துக்கொள்வதில்லை. பி12 வைட்டமின் செடிகொடிகளில் கிடைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் கிடைக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாட்டில் சுண்ணாம்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. லஞ்ச் பாக்ஸ் நிபுணர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் பனீர் 200 கிராம் பாக்கெட் என்ன விலை? அந்தக் காசுக்கு ஒரு டஜன் முட்டை வாங்கலாம், புரதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும். மாட்டுக்கறி ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே. அதாவது, ஏழைப் பிள்ளைக்கு மலிவாகக் கிடைக்கும் சத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, நடுத்தர வர்க்கம் வாங்கும் வெண்கட்டியை அந்த இடத்தில் வைத்து, அதற்கு ஆரோக்கியம் என்று பெயரிடுகிறார்கள்.

காய்கறி உணவின் மேல் நமக்கு என்ன பகை? கேழ்வரகு நம் உழைக்கும் மக்களின் உணவு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கொள்ளு, கம்பு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை எல்லாமே நம் தெருக்களின் உணவுகள்தான். நேற்றுவரை 'கூழ் குடிக்கிற கூட்டம்' என்று ஏளனம் செய்தவர்கள் இன்று அதே கேழ்வரகை 'மில்லட் குக்கீஸ்' என்று இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். கூழுக்கு மறுபிறப்பு கிடைத்துவிட்டது. கருவாட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம்தான் அசல் காரணம். பிறருக்குச் சங்கடம்.

யாருடைய சங்கடம் கணக்கில் வருகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. பெருங்காயத்துக்கு வாசனை இல்லையா? நெய்க்கு? நாள்பட்ட ஊறுகாய்க்கு? பெருங்காயம் பிடிக்காத பிள்ளை அதைச் சகித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அதற்காக யாரும் சுற்றறிக்கை விடுவதில்லை. கருவாட்டுக்கு மட்டும் 'கவுச்சி', 'நாத்தம்'. இது குழந்தைகளோடு நிற்கிற விசயமும் இல்லை. 2014இல் சென்னையில் ஒரு புகழ்பெற்ற ஆங்கில நாளிதழ் தன் ஊழியர்களுக்கு, உணவுக்கூடத்துக்கு அசைவம் கொண்டுவர வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டியது. சைவ ஊழியர்களுக்குச் சங்கடமாம். நாட்டுக்கெல்லாம் கருத்துச் சுதந்திரம் போதித்த பத்திரிகை அது. பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்படும் சங்கடம்தான் இருபது வருடம் கழித்து அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும்போது 'நீங்க நான்வெஜ்ஜா?' என்று விசாரிப்பதும் இதே பாடத்தின் அடுத்த பக்கம்.

இந்தச் சங்கடத்தைத் தமிழ்நாடு நூறாண்டுக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் காங்கிரசின் பணத்திலும் பொதுமக்களின் நன்கொடையிலும் நடந்தது. அங்கே பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனி இடத்தில் சாப்பாடு, தனித் தண்ணீர்ப் பானை. 1925இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றபோது சொல்லப்பட்ட சமாதானமும் ஏறக்குறைய இதுவே. சில பெற்றோர் மனம் நோகக் கூடாது, அவர்கள் ஆசாரம் கெடக் கூடாது. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பிள்ளைகளைச் சாப்பாட்டில் பிரிக்காதே என்பதுதான் அன்று எழுந்த கேள்வி. இன்றைய தனியார் பள்ளி இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. தனிப்பந்தி போட்டால் வம்பு. எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, எல்லோரையும் அந்த ஆசாரத்தின் உணவைச் சாப்பிடச் சொல்லிவிட்டால் போயிற்று, பந்தியே தன்னுடையதாகிவிடும். இதற்குப் பெயர் சமத்துவமாம்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அது இந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை தட்டில் வந்தது, 2010இல் அது வாரத்துக்கு ஐந்து முட்டையானது. முட்டை சாப்பிடாத பிள்ளை என்ன செய்யும்? அதற்கு வாழைப்பழம். அவ்வளவுதான் விசயம். ஒரே பந்தி, ஒரே சோறு, உனக்கு முட்டை, அவனுக்கு வாழைப்பழம். வாழைப்பழம் வாங்கும் பிள்ளைக்குச் சங்கடம் என்று சொல்லி யாரும் மற்ற பிள்ளைகளின் முட்டையைப் பிடுங்கவில்லை. முட்டை வாங்கும் பிள்ளை வாழைப்பழத்தை மறுக்கவும் இல்லை. ஆசிரியைக்கும் அமைப்பாளருக்கும் தெரிந்த இந்த எளிய நியாயம், ஆண்டுக்கு லட்ச ரூபாய் கட்டணம் வாங்கும் பள்ளி முதல்வருக்கு ஏன் தெரியவில்லை?

மற்ற மாநிலங்களில் என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2015இல் மத்தியப்பிரதேச பாஜக அரசு அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையையே தூக்கி எறிந்தது. ஊட்டச்சத்துக் குறைபாட்டில் தத்தளிக்கும் பழங்குடிப் பிள்ளைகள் நிறைந்த மாநிலம் அது. கர்நாடகத்தில் 2021இல் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் போராட்டம் அறிவித்தார்கள். அதே மாநிலத்தில் மதிய உணவு ஒப்பந்தம் எடுத்த அட்சய பாத்திரம் அமைப்பு வெங்காயமும் பூண்டும்கூடப் போடாமல் சமைத்ததை எதிர்த்து உணவு உரிமை இயக்கத்தவர் கேள்வி எழுப்பினார்கள். அந்த அமைப்பைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து, 2020இல் ஆளுநர் நிதியிலிருந்து ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கியதும் நமக்கு நினைவிருக்கிறது. வெங்காயத்தையே தீட்டென்று ஒதுக்கும் சமையலறை முட்டையை எப்படி அனுமதிக்கும்? 2022இல் தமிழ்நாடு அரசு காலை உணவுத் திட்டத்தைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஓடும் அந்தக் காலைப் பட்டியலில் முட்டை இல்லை. அதையும் கேட்க வேண்டும்.

பார்ப்பனரையும் பாஜகவையும் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வது வசதியானது, ஆனால் நேர்மையானது அல்ல. 97.65 விழுக்காட்டுக்குள்ளேயே ஏணி இருக்கிறது. கோழி மேல்படியில், ஆடு அதற்கும் மேல், மீன் இடத்தைப் பொறுத்து, கருவாடு கீழே, பன்றியும் மாடும் ஏணிக்கு வெளியே. 'நாங்களும் கறி திங்கறவங்கதான்' என்று மார்தட்டும் ஆதிக்க இடைநிலைச் சாதிகள்தான் 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை மறித்தார்கள். அந்த அம்மா சமைத்தது பருப்பும் சோறும்தான். சோற்றில் எந்தத் தீட்டும் இல்லை, கரண்டி பிடித்த கையில் இருந்ததாக அவர்கள் கண்டுபிடித்தார்கள். 2021 டிசம்பரில் உத்தரகாண்டின் சம்பாவத் மாவட்டத்துப் பள்ளியொன்றில் தலித் பெண் சமைத்த உணவை ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் மறுத்தார்கள். 2023 நவம்பரில் கோவையில் ஓர் அரசுப் பள்ளி மாணவியை, மாட்டுக்கறி சாப்பிடுபவள் என்று சொல்லி ஆசிரியர்கள் இழிவுபடுத்தியதாகப் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். முஸ்லிம் குடும்பம். அரசுப் பள்ளி என்பதாலேயே சாதி வாசலில் நின்றுவிடாது. தட்டு பொதுவாக இருப்பதைச் சாதி சகிக்காமல் இருப்பதால்தான் இந்தச் சண்டைகளே வருகின்றன.

மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவைப் பற்றி 1948இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார் அம்பேத்கர். ஒரு காலத்தில் எல்லோரும் உண்ட இறைச்சி, ஒரு கட்டத்தில் ஒரு கூட்டத்தை மட்டும் ஒதுக்கும் அடையாளமாக எப்படி மாற்றப்பட்டது என்பதே அவர் தேடிய கேள்வி. அந்த வரலாற்றைப் படித்தவர்கள் நாம். 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்து நடத்திய மாணவர் தாக்கப்பட்டபோது தெருவுக்கு வந்தவர்கள் நாம். கேட்கிறேன்: அன்று மேடையில் மாட்டுக்கறி தின்ற தோழர்களில் எத்தனை பேர் இன்று தம் பிள்ளையின் டப்பாவில் அதை வைத்து அனுப்புகிறீர்கள்? நமக்குப் போராட்டத்துக்கு மாட்டுக்கறி, பிள்ளைக்கு எலுமிச்சைச் சாதம். 'எதுக்கு வம்பு, பாவம் குழந்தை' என்கிற ஒரு வரியில் நம் உணவு அரசியல் முடிந்துபோகிறது.

பாவம் குழந்தை என்பது உண்மைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மதிய மணி அடித்த பிறகு வகுப்பறையில் நடப்பதைக் கற்பனை செய்யத் தேவையில்லை, நம்மில் பலர் அதைக் கடந்து வந்தவர்கள். மூடியை முழுதாகத் திறக்காமல், அரைத்திறப்பில் கையை விட்டு எடுத்துச் சாப்பிடும் பிள்ளை. மூடியையே சுவராகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. 'உவ்வே' என்று ஒரு குரல் எழுந்ததும் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, 'பசிக்கலை மிஸ்' என்று சொல்லும் பிள்ளை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து 'எனக்கு இனிமே நூடுல்ஸ் வைம்மா' என்று கேட்கும். ஏன் என்று சொல்லாது. அம்மாவும் பிள்ளைக்குக் குழம்பு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். இங்கேதான் லஞ்ச் பாக்ஸ் நிபுணர்கள் மொத்தமாகத் தோற்கிறார்கள். குழந்தை விரும்பிச் சாப்பிட வண்ணம் சேர்க்கலாம், பூ வடிவில் வெட்டலாம், சப்பாத்தியைச் சுருட்டலாம் என்று வழி சொல்கிறார்கள். வீட்டில் தட்டை நக்கித் தின்னும் அதே கறியைப் பள்ளியில் ஏன் அந்தப் பிள்ளை தொடுவதில்லை என்று கேட்பதில்லை. நாக்குக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்து இருக்கையின் முகம்தான் சோற்றைத் தொண்டையில் நிறுத்துகிறது. விளைவு என்ன? ஆரோக்கியம் என்ற பெயரில் முட்டையும் மீனும் விரட்டப்பட்ட டப்பாவுக்குள் மைதா நூடுல்சும் ஜாம் தடவிய ரொட்டியும் கிரீம் பிஸ்கட்டும் வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றில் வாசனை இல்லை, சாதியும் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல பள்ளிகளில் இப்போது 'உணவைப் பகிர்ந்துகொள்ளாதே' என்று ஒரு விதி. கொரோனாவில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அது உயிர்ப் பிரச்சினை, அந்தந்தப் பிள்ளைக்கான ஏற்பாட்டை ஆசிரியர் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒட்டுமொத்தமாக 'அவளுடையதை நீ தொடாதே, உன்னுடையதை அவளுக்குக் கொடுக்காதே' என்று ஆறு வயதில் சொல்லிக்கொடுப்பது யாருடைய பாடம்? 'ஒரு வாய் குடுடி' என்று கேட்டு வாங்கித் தின்னும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் சில பிள்ளைகள் வாழ்க்கையிலேயே முதன்முதலாக இன்னொரு தெருவின் சோற்றைத் தின்கிறார்கள். சமபந்தி மட்டும் சாதியை ஒழித்துவிடாது என்று அம்பேத்கரே சொல்லியிருக்கிறார். ஒழிக்காதுதான். ஆனால் அதைக்கூடத் தாங்க முடியாத ஒரு ஒழுங்கு எப்படிப்பட்டதாக இருக்கும்?

சரி, என்ன செய்யலாம்?

பிள்ளையைப் போராளியாக்கி அனுப்புவது தீர்வல்ல. கருவாட்டை வைத்துவிட்டு 'போய்ச் சண்டை போடு' என்று சொல்லும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் கிடையாது. சண்டை பெரியவர்கள் வேலை. பள்ளி சைவம் மட்டும் என்று சொன்னால், அந்த விதியை எழுத்தில் கேளுங்கள், எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது, விதி மெல்லத் தளரும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு குழந்தையை உடலால் மட்டுமல்ல, மனத்தால் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. சாப்பாட்டைச் சொல்லி ஒரு பிள்ளையை வகுப்பில் அவமானப்படுத்துவது அதற்குள் வராதா என்று பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். வகுப்புக்கு நாற்பது பிள்ளை என்றால் அதில் முட்டை சாப்பிடாத வீடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் அந்த ஒன்றிரண்டு வீட்டுக்குப் பயந்து, ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு தயிர்சாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வீடுகள் பேசிவைத்து ஒரே நாளில் முட்டை வைத்து அனுப்பினால் எந்தப் பிள்ளையும் தனியாக நிற்காது.

முட்டையிலிருந்து தொடங்குவது எளிது. வெங்காயம் போட்டு வதக்கிய பொடிமாசை ஆறவைத்துச் சோற்றோடு கிளறிவிட்டால் கசிவும் இல்லை, நேரமும் மிச்சம். முருங்கைக்கீரையை வதக்கி அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவது இன்னும் நல்லது, தனியாகக் கீரை தின்னாத பிள்ளையும் தின்னும். கறி என்றால் குழம்பாக வேண்டாம். முந்தின இரவே நன்றாக வேகவைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுத் தண்ணீர் சுண்டும்வரை வறுத்தெடுத்தால் சுக்கா. பிள்ளையின் பல்லுக்குத் தக்கபடி சிறுசிறு துண்டாக வெட்டுங்கள், எலும்பு வேண்டாம். மாட்டுக்கறிக்குக் கொஞ்சம் கூடுதல் விசில், அவ்வளவுதான் வித்தியாசம். ஈரல் சீக்கிரம் வெந்துவிடும், வாரம் ஒருநாள் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு முள் மீன் கொடுத்தனுப்பக் கூடாது, அவசரத்தில் தொண்டையில் சிக்கும். நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசினால் உப்பு பெருமளவு போய்விடும். பிறகு மொறுமொறுப்பாக வறுத்து, தனியே ஒரு சின்ன டப்பாவில் வைத்தால் பிள்ளைகள் அப்பளம்போல் கடித்துக்கொள்வார்கள். கூடவே கேழ்வரகு அடையோ கம்புச் சோறோ. கொள்ளுத் துவையல் இருந்தால் எந்த வெள்ளைச் சோறும் இறங்கும். இதில் ஒன்றுகூடக் கடையில் புதிதாகத் தேட வேண்டியதில்லை, எல்லாம் நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இருக்கிற சாமான்கள்தான்.

இதையெல்லாம் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து யார் செய்வது என்ற கேள்வியை முற்போக்குத் தோழர்கள் வழக்கம்போல் தாண்டிப் போகக் கூடாது. சமையல் இணைப்புகள் எல்லாமே 'அம்மாக்களே' என்றுதான் தொடங்குகின்றன. டப்பா காலியாகத் திரும்பாவிட்டால் குற்றம் அம்மாவுக்கு, பிள்ளை இளைத்தால் குற்றம் அம்மாவுக்கு. பார்ப்பனியம் தீட்டை அவள் சமையலறையில் கண்டுபிடிக்கும், ஆணாதிக்கம் அதைக் கழுவும் வேலையையும் அவளிடமே கொடுக்கும். உணவு அரசியல் பேசும் அப்பாக்கள் வெங்காயம் நறுக்கப் பழகுங்கள். பள்ளிக்கூடம் அழைத்து 'உங்கள் பிள்ளை வாசனையுள்ள உணவு கொண்டுவருகிறது' என்று சொல்லும்போது, அந்தத் தொலைபேசியையும் நீங்களே எடுங்கள்.

பெரிய கோரிக்கையும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீடும் தனித்தனியே கட்டி அனுப்பும் டப்பா என்பதே வர்க்கத்தையும் சாதியையும் மேசையில் பரப்பிவைக்கும் ஏற்பாடு. ஒருவன் பாதாம் கொண்டுவருவான், ஒருத்தி நேற்றைய சோறு கொண்டுவருவாள். அரசுப் பள்ளியில் கிடைக்கும் பொதுத்தட்டு தனியார் பள்ளியில் ஏன் கிடைக்கக் கூடாது? பேருந்துக்கும் யோகாவுக்கும் ரோபாட்டிக்ஸ் வகுப்புக்கும் காசு வாங்கும் பள்ளிகள், பள்ளியிலேயே எல்லோருக்கும் ஒரே மதிய உணவு சமைத்துப் போடட்டும். சமையலறையில் எல்லாச் சாதியினரும் வேலை செய்யட்டும். கட்டணச் சலுகையில் 25 விழுக்காடு இடங்களில் சேர்ந்த பிள்ளைகளும் அதே தட்டில் சாப்பிடட்டும். அரசு அங்கீகாரம் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் கேட்கிறதே, சாப்பாட்டில் பாகுபாடு காட்டும் விதி எதுவும் இப்பள்ளியில் இல்லை என்று ஒரு தாள் அதோடு சேர்த்துக் கேட்கட்டும். தட்டில் முட்டை இருக்கட்டும். வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் இருக்கட்டும்.